மீத்திறன் குழந்தைகளின் மரபணுவை ஆராய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். நுண்ணறிவில் மரபுக்குப் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. இரட்டையர் ஆய்வுகள் அதைப் பலமுறை காட்டிவிட்டன. நான் கேட்பது அதற்கு முந்தைய கேள்வி. மீத்திறன் குழந்தைகள், அதாவது மிக உயர்ந்த அறிவுத்திறன் உள்ளவர்கள் என்று சொல்லி, மரபணுச் சோதனைக்காக உங்கள் ஆய்வகத்துக்கு எச்சில் மாதிரி அனுப்பிய குழந்தைகள் யார்? எந்த வழியாக உங்களிடம் வந்தார்கள்?

ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலரின் பெயரை எழுதித் தருகிறார். தெளிவாகப் பேசுகிற, வீட்டுப்பாடம் தவறாத பிள்ளைகள்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள். அவர்களிலும் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் கையெழுத்திட நேரமும் தெம்பும் உள்ள பெற்றோரின் பிள்ளைகளே மிஞ்சுவார்கள். மற்றவர்களின் படிவம் பைக்குள்ளேயே கசங்கிக் கிடக்கும். இப்படி மரபணுவைப் பார்ப்பதற்கு முன்பே சல்லடை போட்டாகிவிட்டது.

இது புதிய குறையல்ல. 1921-இல் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் கலிஃபோர்னியாவில் மீத்திறன் குழந்தைகளைப் பற்றித் தொடங்கிய ஆய்வுக்கும் ஆசிரியர்களின் பரிந்துரைதான் முதல் வாசல். சேர்ந்த சுமார் 1,500 பேரில் பெரும்பாலோர் நடுத்தர வர்க்கத்து வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள். 2005 வாக்கில் ஃபுளோரிடாவின் பெரிய பள்ளி மாவட்டம் ஒன்று, மீத்திறன் வகுப்புகளுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க, பரிந்துரைக்குக் காத்திராமல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் சோதித்தது. தகுதி வரம்பைத் தளர்த்தவில்லை. ஆனாலும் ஏழை, கறுப்பின, ஹிஸ்பானியக் குழந்தைகள் முன்னைவிட மிக அதிகமாகத் தேர்வானார்கள். பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016-இல் இதை வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் முன்பும் அங்கேதான் இருந்தார்கள். யாரும் தேடவில்லை.

மீத்திறன் குழுவை ஒரு வழியிலும், ஒப்பீட்டுக் குழுவை வேறொரு வழியிலும் திரட்டினால், இரண்டுக்கும் இடையே வம்சாவளி வேறுபாடு வந்துவிடும். அப்போது ஒரு குழுவில் இயல்பாகவே அதிகமாக உள்ள மரபணு வேறுபாடு, அறிவுக்குக் காரணம் போலத் தோன்றும். பெற்றோரின் மரபணு பிள்ளை வளரும் வீட்டையும் வடிவமைக்கிறது. அதையும் சேர்த்தே நீங்கள் அளக்கிறீர்கள். 1998-இல் உயர் நுண்ணறிவுக் குழந்தைகளிடம் கண்டதாகச் சொல்லப்பட்ட, ஐஜிஎஃப்2ஆர் என்ற மரபணுவுக்கும் நுண்ணறிவுக்கும் இடையிலான தொடர்பு, 2002-இல் அதே ஆய்வுக் குழு பெரிய மாதிரியில் தேடியபோது கிடைக்கவில்லை. 2018-இல் சுமார் 11 லட்சம் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவிலிருந்து, ஒருவர் எவ்வளவு படிப்பார் என்று மரபணுக்களைக் கொண்டு கணிக்கும் ஒரு மதிப்பெண் உருவானது. அது அதே வம்சாவளியினரிடம், ஆளுக்கு ஆள் படிப்பின் அளவில் உள்ள வேறுபாட்டில் 11 சதவீதத்துக்கு மேல் விளக்கியது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் 2 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

ஆகவே கேட்கிறேன். பள்ளியின் எல்லாப் பிள்ளைகளையும் சோதித்து மாதிரியைத் திரட்டுங்கள். உடன்பிறந்தோரை ஒப்பிடுங்கள், ஒரே வீடு, ஒரே வம்சாவளி என்பதால் பல குழப்பங்கள் அங்கேயே அடங்கிவிடும். எத்தனை பேரை அழைத்தீர்கள், யார் மறுத்தார்கள், யாருக்கு அழைப்பே போகவில்லை என்பதைப் பின்னிணைப்பில் ஒதுக்காமல் கட்டுரையின் முதல் அட்டவணையிலேயே போடுங்கள். அந்த அட்டவணை இல்லாத கட்டுரையை ஆய்விதழ்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.

அக்கறையுடன்,
ஓர் ஆசிரியர்