வருமான வரி வட்டியை நீக்கித் தருமாறு மூன்றாவது தடவையாகக் கோரும் மனு

அக்கரப்பத்தனை
2025.10.14

வருமான வரிக்குப் பொறுப்பான உதவி ஆணையாளர் அவர்களுக்கு,

மதிப்புக்குரிய ஐயா,

ஜூன் 4ஆம் திகதியும் ஆகஸ்ட் 12ஆம் திகதியும் தந்த மனுக்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. அதனால் தாழ்மையோடு மறுபடி எழுதுகிறேன். நான் தோட்ட லயத்தில் குடியிருந்து, லொறியில் மரக்கறி ஏற்றி வியாபாரம் செய்பவன்.

1. 2023/2024இல் என் வருமானம் 27 இலட்சம். 30 இலட்சம் வரை வரி இல்லை என்றே நினைத்திருந்தேன். 2023 ஜனவரி முதல் அது 12 இலட்சமாகக் குறைந்தது தெரியாமல் போனது என் பிழை, மறுக்கவில்லை. மனைவியின் நகையை அடகு வைத்து 1,80,000 ரூபா வரியை முழுதாகக் கட்டிவிட்டேன்.

2. மிச்சம் நிற்பது வரியைப் பிந்திக் கட்டியதற்கான வட்டி. மாதம் 1.5 சதவீதம், அதாவது 2,700 ரூபா. மனைவி கொழுந்து பறித்து வாங்கும் நாட்சம்பளம் 1,350. ஒரு மாத வட்டிக்கு அவள் இரண்டு நாள் மலை ஏற வேண்டும்.

3. வரி கட்டச் சொன்ன உங்கள் அறிவித்தலில் உள்ள திகதி மார்ச் 3. என் கைக்கு வந்தது மே 22. இடையில் 80 நாட்கள்! டயகம பாதையில் உள்ள தோட்டங்களை நீங்கள் அறிவீர்கள். லயத்துக்கென்று தனி முகவரி கிடையாது. எல்லார் கடிதமும் தோட்ட ஆபீசில் ஒரு பால்மா பெட்டிக்குள் கிடக்கும். என் மகள் தன் பள்ளிக்கூடக் கடிதத்தைத் தேடப்போய்த்தான் இதைக் கண்டெடுத்தாள். கூரை ஒழுகி நனைந்து, வேறு யாருடைய கடிதத்தோடோ ஒட்டிக் காய்ந்திருந்தது. கேத்தில் ஆவியில் பிடித்துத்தான் பிரித்தோம். உள்ளே முழுக்கச் சிங்களம். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை சொல்கிறதே ஐயா. வாசித்துச் சொல்ல ஆள் தேடி டவுனுக்குப் போனேன்.

4. உங்கள் தீர்மானத்தை மறுபடி பார்க்கும்படி மீளாய்வு கேட்க 30 நாட்கள்தானாம். கடிதத்தைப் பார்க்கும் முன்பே அது முடிந்துவிட்டது. கவுண்டரில் இருந்தவர், "வட்டியைக் குறைக்க வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போங்கள்" என்றார். சரி, போகலாம். மேன்முறையீட்டு நீதிமன்றம் இருப்பது கொழும்பு புதுக்கடையில். அங்கே அதிகாரிகளின் தீர்மானத்தை எதிர்த்து ரிட் மனு போடச் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசு, இந்த வட்டியை விடப் பல மடங்கு. வட்டி கட்டவே வழியில்லாதவனை வழக்குப் போடச் சொன்னால் அவன் எங்கே போவான்?

5. மார்ச் 3 வரையான வட்டி என் பிழைக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள், தவணையில் கட்டுகிறேன். அதற்குப் பிறகு ஓடியது பெட்டிக்குள் கிடந்த கடிதத்துக்கான வட்டி. அதையுமா நான் கட்ட வேண்டும்?

ஐயா, அந்த வட்டியை நீக்கித் தாருங்கள். முடியாவிட்டால், கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களைக் கணக்கிட்டு, என் ஜூன் 4 மனுவையே மீளாய்வு விண்ணப்பமாக ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், தயவு செய்து என்னைக் கோர்ட்டுக்கு அனுப்பாதீர்கள்.

பதிலைத் தபாலில் மட்டும் போட்டுவிட்டு இருந்துவிட வேண்டாம். தொலைபேசி இலக்கத்தைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கூப்பிட்டால் அன்றைக்கே வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்

இணைப்பு: வரி கட்டிய ரசீது, அறிவித்தல் வந்த கடித உறை