மாணவர்கள் ஒரே ஊருக்கு ஒன்றாகப் போகட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவம், சட்டம், பொறியியல், வேளாண்மை என ஒவ்வொன்றுக்கும் தனிப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் மாநிலம் நம்முடையது. அதனால் படிப்பு வளர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் டாக்டராகப் போகிறவரும் வக்கீலாகப் போகிறவரும் படிக்கும் காலத்தில் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை.

சர்க்கரை நோயால் காலில் புண்ணோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு மாத்திரை மட்டும் போதுமா? வாசலில் தேங்கும் சாக்கடைக்கு வாட்டம் பார்த்து வாய்க்கால் வெட்ட வேண்டும். நின்றுபோன முதியோர் உதவித்தொகைக்குத் தாலுகா ஆபீசில் மனு கொடுக்க வேண்டும்.

1969 முதல் நடக்கும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் 7 நாள் சிறப்பு முகாம் உண்டு. பல இடங்களில் அது கருவேலம் வெட்டி, பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்து, குரூப் போட்டோவோடு முடிந்துவிடுகிறது. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிப்பது இப்போது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதே வீடுகளுக்குச் சட்டம், சிவில் பொறியியல், சமூகப்பணி படிக்கும் மாணவர்களையும் சேர்த்து அனுப்பலாமே! மதிப்பெண்ணைத் தனித்தனியாக அல்லாமல் மாணவர் குழுவுக்குச் சேர்த்துக் கொடுங்கள். கிராம செவிலியரும் ஊராட்சிச் செயலரும் அதில் கருத்து எழுதட்டும்.

தேர்வு அட்டவணை ஒத்துவராது என்பார்கள். சம்பந்தப்பட்ட துறைச் செயலர்கள் ஒருநாள் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடக்கூடிய சிக்கல்தான் அது.

ஓய்வுபெற்ற பேராசிரியர்,
திருவாரூர்