பொம்மை 'டக்' என்றால்தான் சரி

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் செம்பூரில் எங்கள் சொசைட்டி வாசலில் ஒரு பெரியவர் மயங்கிச் சரிந்தார். சுற்றிலும் கூட்டம். ஒருவர் சோடா தெளித்தார், ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார், இன்னொருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார் (வலிப்புக்கே அது உதவாது!). மூச்சு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை, நானும்தான். நல்லவேளை, வெறும் மயக்கம். அவரே எழுந்து உட்கார்ந்தார்.

அந்த வெட்கத்தில் ஒரு சிபிஆர் (இதயம் நின்றுபோனவரின் மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சிக்குப் போனேன். தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 108-க்கு ஒருவரைப் போன் செய்யச் சொல்லிவிட்டு, நடுமார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். குறைந்தது 5 செ.மீ. ஆழம். விட்டுவிட்டு வரும் திணறலை மூச்சு என்று நம்பிவிடக் கூடாது. பயிற்சிக்கு ஒரு மனிதப் பொம்மையை வைத்திருந்தார்கள்; சரியான ஆழத்துக்குப் போனால்தான் அது 'டக்' என்கிறது. எனக்கு முதலில் சத்தமே வரவில்லை. "முழங்கை மடங்குது பாருங்க" என்றார் பயிற்சியாளர். அப்புறம் வந்தது, ஆனால் இரண்டே நிமிடத்தில் தோள் கழன்றுவிட்டது. ஆள் மாற்றி அழுத்தச் சொல்வது அதனால்தான்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ் அமைப்புகள் பொங்கல் விழாவில் பட்டிமன்றத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் ஒரு மணியை இதற்குக் கொடுக்கலாமே. முன்வரிசையில் வாட்ச்மேன்களை உட்கார வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு முதலில் ஓடி வருபவர் அவர்தான்.

ஒரு வாசகி,
செம்பூர், மும்பை