தடம் எங்கே என்று கேட்ட சார்

அன்புள்ள மாப்ளே,

சார் காலமான செய்தியை நீ அனுப்பியபோது பஸ்ஸில் இருந்தேன், இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி எங்கோ போய் இறங்கினேன். வர முடியாமல் போனது இன்னும் உறுத்துகிறது. பதினாறாம் நாளுக்கு நீயாவது போனாயே. சார் வீட்டு அம்மா எப்படி இருக்கிறார்கள்? எல்லாம் எழுதினாய், அதை மட்டும் எழுதவில்லை.

இந்த ஒரு வாரமாக எனக்கு அந்தச் செம்மண் டென்னிஸ் கோர்ட் ஞாபகம்தான். விடிகாலை ஐந்தரைக்குத் தண்ணீர் தெளித்து, நீ முன்னால் நான் பின்னால் உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்தால்தான் சார் பந்தை எடுப்பார். மட்டை ஏழு, பையன்கள் இருபது பேர். பந்தெல்லாம் மயிர் உதிர்ந்து மொட்டையாக இருக்கும். டென்னிஸ் சொல்லிக் கொடுப்பதற்கென்று அவருக்கு ஒரு பைசா சம்பளம் கிடையாது, வரலாற்று வாத்தியார் சம்பளம் மட்டும்தான் என்பது எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் உறைத்தது.

அம்பயர் இல்லாததால் அவரவர் பக்கம் விழுந்த பந்தை அவரவரே சொல்ல வேண்டும். கோட்டில் விழுந்த உன் பந்தை ஒருநாள் நான் 'அவுட்' என்று கத்தினேனே, நினைவிருக்கிறதா? எனக்கு நன்றாகத் தெரியும் அது உள்ளேதான் என்று. சார் திட்டவில்லை. வலையைச் சுற்றி நடந்து வந்து, குனிந்து, "தடம் எங்கே, காட்டு" என்றார், அவ்வளவுதான். கோட்டுச் சுண்ணாம்பில் பாதி பெயர்ந்து கிடந்தது. தடம் தெரியவில்லையென்றால், சந்தேகம் என்றால், பாயிண்ட் எதிராளிக்கு. அதற்கு மேல் அவரிடம் பேச்சே கிடையாது.

வகுப்பிலும் இதே கேள்விதானேடா! 1799இல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள் என்று நாம் ஒப்பித்தால், "யார் எழுதி வெச்சது? வெள்ளைக்காரன் எழுதின கடிதமா, நம்ம ஊர் கதைப்பாடலா, ரெண்டும் ஒண்ணையே சொல்லுதா?" என்பார். பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்துக்கு நம்மைக் கோர்ட்டுக்கே கூட்டிக்கொண்டு போனதுதான் உச்சம். 1789 ஜூன் 20, வெர்சாயில் மண்டபக் கதவு பூட்டிக் கிடக்க, மூன்றாம் பிரிவுப் பிரதிநிதிகள், அதாவது பாதிரியும் பிரபுவும் அல்லாத சாதாரண மக்களின் பிரதிநிதிகள், பக்கத்திலிருந்த பந்தாட்டக் கூடத்தில், அந்தக் கால டென்னிஸ் கோர்ட்டில், கூடி, அரசியலமைப்பு உருவாகும் வரை பிரிய மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். நம்மை எல்லாம் கோட்டுக்குள் நிற்க வைத்துக் கையைத் தூக்கச் சொன்னார். நாம் சிரித்துக்கொண்டே தூக்கினோம். அப்புறம் அந்த 576 கையெழுத்துகளைப் பற்றிச் சொல்லிவிட்டு, மாட்டேன் என்று நின்ற ஒரே ஒருவர் மார்த்தான் தோஷ் பற்றித்தான் மீதி நேரம் முழுக்கப் பேசினார். அவர் தன் பெயருக்குப் பக்கத்தில் எதிர்ப்பவன் என்று எழுதி வைத்தாராம். அவர் சொன்னது சரியா தப்பா என்பது வேறு, அத்தனை பேருக்கு நடுவில் தன் தடத்தை விட்டுப் போன ஆள் என்று சொல்லும்போது சாருடைய குரலே மாறியிருந்தது.

1974 டேவிஸ் கோப்பைக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்போம்! மெட்ராஸ்காரர்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்தும் ஆடிய இந்திய டென்னிஸ் அணி கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவையும் புனாவில் சோவியத் யூனியனையும் சாய்த்து இறுதிக்கு வந்தது. எதிரில் தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியின் அணியோடு ஆடுவதில்லை என்று இந்தியா விலகிக்கொள்ள, ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை அவர்களுக்குப் போனது. "தப்பா சார் அது?" என்று நீதான் கேட்டாய். "சரியான முடிவுதான். ஆனா அந்தப் பையன்களுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும், பரீட்சையில அதையும் சேர்த்து எழுது" என்றார். எந்தப் பரீட்சையில்டா மார்க் போடுவார்கள் அதற்கு? ஆனாலும் நான் எழுதினேன். திருத்தியது சார்தான், அந்த வரிக்கு அடியில் சிவப்பில் ஒரு கோடு.

இப்போது ஆபீஸில் யாராவது ஒருவரைப் பற்றி ஏதாவது சொன்னால் எனக்குள் சார் குனிந்து மண்ணைப் பார்க்கிறார். பல தடவை அவருக்குப் பதில் சொல்ல முடியாமல் நானே வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

உருளை இன்னும் புளியமரத்தடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாயே. பொங்கலுக்கு நான்கு நாள் வருகிறேன். முதலில் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவோம். மறுநாள் ஐந்தரைக்கு வந்துவிடு, சுண்ணாம்பு நான் வாங்கி வருகிறேன். நீ முன்னால் பிடி.

உன்
பழைய டபுள்ஸ் ஜோடி