உருளைக்கிழங்கு ஆராய்ச்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடநாட்டுக் குடும்பப் பெயர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ‘ஆலு என்றால் உருளைக்கிழங்கு, அதை விற்றவர்கள் அலுவாலியா’ என்று ஒரு வரி. பக்கத்தில் மூட்டை சுமக்கும் சர்தார்ஜி படம் வேறு. காய்கறிக் கடையில் விலை கேட்கும் அளவுக்கு இந்தி தெரிந்தால் சரித்திரம் எழுதிவிடலாம் போலிருக்கிறது.

நான் பஞ்சாபில் கபூர்தலா ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த ஊர் அலுவாலியா ராஜாக்கள் ஆண்ட சமஸ்தானம் என்பது நான் சொல்லித் தங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. லாகூருக்குப் பக்கத்தில் ஆலு என்றொரு கிராமம். அந்த ஊர்க்காரர் என்பதால்தான் ஜஸ்ஸா சிங் அலுவாலியா. 1718இல் பிறந்தவர், சிதறிக் கிடந்த சீக்கியப் படைகள் ஒன்றுசேர்ந்த தல் கால்சாவுக்குத் தலைமை தாங்கியவர். 1762இல் ஆப்கான் மன்னர் அகமது ஷா அப்தாலியின் படை சீக்கியர்களை ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்ததே, அன்று அவர் உடம்பில் 22 காயம் என்பார்கள். அப்தாலி வெடிவைத்துத் தகர்த்த அமிர்தசரஸ் பொற்கோயிலைத் திரும்பக் கட்ட முன்னின்றவரும் அவர்தான்.

அவர் பிறந்தது சாராயம் காய்ச்சும் தொழில் செய்த கலால் சமூகத்தில். பிற்காலத்தில் அந்தச் சமூகத்தார், ராஜா வீட்டோடு ரத்த சம்பந்தம் இல்லாதவர்களும்கூட, அவர் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். கேவலமாகப் பார்த்தவர்கள் நடுவே நிமிர்ந்து நடக்க அது ஒரு வழி. அந்தப் பெயரைத்தான் கிழங்கு மூட்டையில் கட்டிவிட்டீர்கள்.

கபூர்தலாவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களும் அலுவாலியாதான். கூடத்தில் ஜஸ்ஸா சிங் குதிரைமேல் இருக்கும் படம் மாட்டியிருக்கும். அந்த வீட்டுப் பீஜி (பஞ்சாபியில் அம்மாவையோ பாட்டியையோ அப்படி அழைப்பார்கள்; எல்லாருக்கும் அவர் பீஜிதான்) காலையில் துப்பட்டா முனையால் அதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் டீக்கு அடுப்பு பற்றவைப்பார். தங்கள் இதழை அங்கேயும் தபாலில் வரவழைத்துப் படித்தேன். அதில் வந்த சர்தார்ஜி ஜோக்குகளை அந்த வீட்டுப் பிள்ளைகளால் படிக்க முடியாமல் போனது என் அதிர்ஷ்டம்.

இது புதிதும் இல்லை. சுர்ஜித் சிங் பர்னாலா இங்கே ஆளுநராக இருந்தபோது ‘பர்னாலா வம்சம்’ என்று எழுதினீர்கள். பர்னாலா பஞ்சாபில் ஓர் ஊர். பஞ்சாப் முதல்வராக இருந்த பிரகாஷ் சிங் பாதலும் அப்படித்தான்: பாதல் ஊர்ப்பெயர், குலப்பெயர் தில்லான். அப்போதே விளக்கிக் கடிதம் போட்டேன். தங்களுக்கு இடப் பற்றாக்குறை இருந்திருக்கும். அதே இதழில் நடிகை வீட்டு நாய்க்குட்டிக்கு இரண்டு பக்கம் கிடைத்திருந்தது. அப்புறம், ஹாக்கி அணியில் யார் கோல் போட்டாலும் வெறும் ‘சிங்’ என்று அச்சிடுகிறீர்களே, 1699இல் குரு கோவிந்த் சிங் கால்சா என்ற, தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பை நிறுவியதிலிருந்து கால்சாவில் சேரும் ஆண்கள் எல்லாருக்கும் அந்தப் பெயர் உண்டு. எந்தச் சிங் கோல் போட்டார் என்று வாசகன் ஜோசியம் பார்க்க வேண்டுமா?

சரி, கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அலுவாலியா என்பது ஆலு கிராமத்திலிருந்து வந்த பெயர் என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம், கட்டுரை வந்த பக்கத்திலேயே போடுங்கள். என் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லி மட்டும் தங்கள் அலுவலகத்திலிருந்து தவறாமல் போன் வருகிறது.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
பெரம்பூர், சென்னை