மீனாவுக்கு அப்பா எழுதுவது

அன்பு மகள் மீனாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாப்பிள்ளை சௌக்கியமா? நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் எல்லாம் வந்தன. போனில் நீளமாகத் தட்டுவது எனக்கு வராது, அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

கைப்பிடி வைத்த அந்த மர ஸ்டீரியோஸ்கோப், ஜோடிப் படத்தை ஆழத்தோடு ஒன்றாகக் காட்டும் கண்ணாடி, நல்ல பொருள். அமெரிக்காவில் டாக்டர் ஹோம்ஸ் 1861இல் செய்த அமைப்பு அது. அவர் காப்புரிமை வாங்காமல் விட்டதால் ஊர் ஊருக்குச் செய்தார்கள். இடது லென்ஸ் ஓரத்தில் இழை இழையாகத் தெரிவது கீறல் இல்லை, பூஞ்சை. உங்கள் டோக்கியோவில் ஜூனில் பிடிக்கிற மழை ஜூலை பாதி வரை விடாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வை. அதில் வைத்துப் பார்க்கிற படக் கார்டுகளை ஈரத்துணியால் துடைக்காதே, கையால் போட்ட அந்தக் கலர் தண்ணீர் பட்டால் போய்விடும்.

யோகோஹாமா எனாமி ஸ்டுடியோ கார்டைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். நீ பேர் சொன்னதும் அண்ணனை நெட்டில் பார்க்கச் சொன்னேன். எனாமி 1892இல் அங்கே பென்டென் தெருவில் கடை வைத்தவர். கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கொண்டுபோக வாங்கிய படங்கள். 1923 நிலநடுக்கத்தில் யோகோஹாமாவே தரைமட்டமானபோது ஸ்டுடியோவும் போயிற்று. மறுபடி கட்டி, 1929இல் இறக்கும்வரை தொழிலை விடவில்லை. அப்படித் தப்பி வந்த அட்டை உன் மேஜையில் இருக்கிறது.

அந்தக் குடை பிடித்த பெண்ணின் கிமோனோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே காட்சியை இரண்டு கண் இருக்கிற தூரத்தில், சுமார் ஆறரை சென்டிமீட்டர் தள்ளி, இரண்டாக எடுத்த படம். இரண்டுக்கும் கையால் கலர் போட வேண்டும். இடது பக்கம் சிவப்பு கரையைத் தாண்டி, வலது பக்கம் தாண்டாமல் இருந்தால், கண்ணாடியில் பார்க்கும்போது அந்தச் சிவப்பு துணியில் ஒட்டாமல் மினுக்கும். நான் கலர் டச்சிங் செய்த காலத்தில் ஒரு கல்யாணப் படத்துக்குப் புடவைக் கரை போடவே அரை நாள் ஆகும். அவர்கள் அதை இரண்டு தரம் ஒரே மாதிரி, ஒவ்வொரு பிரதிக்கும் செய்திருக்கிறார்கள். அந்த வேலையைப் பார்த்து நீ வாங்கினாயே, அதில் எனக்குப் பெருமை. விலையைச் சொன்னபோது அம்மாவுக்கு மயக்கம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் சம்பளம் என்றாலும் டோக்கியோ வாடகை சும்மா இல்லை.

'ஆக்குபைட் ஜப்பான்', அதாவது போருக்குப் பிறகு அந்நியர் பிடியில் இருந்த ஜப்பான், என்று முத்திரை போட்ட தகர வியூவரை யோசித்து வாங்கு. அந்த முத்திரை 1947க்கும் 1952க்கும் நடுவில் வெளிநாட்டுக்குப் போன சரக்கில் குத்தியது. போலி முத்திரையும் உண்டு, கடைக்காரன் சொன்னான் என்று நம்பாதே.

முன்பெல்லாம் நீ அனுப்பும் படத்தில் கார்டைப் பிடித்திருப்பது மாப்பிள்ளையின் கை. அந்தப் பச்சைக்கல் மோதிரம் தெரியும். பொங்கலுக்கு அப்புறம் வந்த படங்களில் நீயே ஒரு கையில் பிடித்து இன்னொரு கையால் எடுக்கிறாய், படம் ஆடியிருக்கிறது. நீ இதெல்லாம் வாங்கப் போகிற யூராக்குச்சோ பழம்பொருள் சந்தை ஞாயிற்றுக்கிழமைதானே? மாப்பிள்ளைக்கு ஞாயிறும் லீவு இல்லையா? வேலை அதிகமாக இருக்கும். நிஷி கசாயில் நம்மூர்க்காரர்கள் நிறைய என்றாயே, அவர்கள் வீட்டுக்காவது போய் வருகிறாயா? சிலிக்கா ஜெல் மறக்காதே. மழைக்கு முன்பே போட்டுவிடு.

பிடிவாதத்தில் நீ என்னைக் கொண்டவள். சின்ன வயசில் கை முறிந்ததையே இரண்டு நாள் மறைத்தாய். அது எனக்கு இன்னும் கோபம்தான். வலியை மறைக்கிற அளவுக்கு அப்பா என்ன செய்துவிட்டேன்? போன் பண்ணு. வீடியோ வேண்டாம், குரல் போதும். அம்மா தூங்கிய பிறகு, உங்கள் நேரம் ராத்திரி ஒன்றரைக்கு மேல் என்றாலும் பரவாயில்லை, நான் விழித்துதான் இருப்பேன்.

தென்னைக்கு வண்டு விழுந்திருக்கிறது, மருந்து வைத்தாயிற்று. மாடி அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். கண்ணாடி அலமாரியும் அங்கேயே இருக்கிறது, உன் வியூவர் எல்லாம் வைக்க இடம் காணும். டிக்கெட் ஒருவருக்கு மட்டும் போட்டாலும் போட்டுவிடு. காரணம் நான் கேட்க மாட்டேன். மோதிரத்தைப் பற்றி அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா