நீ டேவிஸில், மாப்பிள்ளை ஹூஸ்டனில்: வரிக் கணக்கு பற்றி அம்மா எழுதுவது

அன்புள்ள கயலுக்கு,

"அவர் டெக்சாஸ், நான் கலிஃபோர்னியா. தனித்தனியா ஃபைல் பண்ணிட்டா வேலை முடிஞ்சதும்மா" என்று ஃபோனில் சொன்னாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர் யாரோ கொடுத்த யோசனை என்று அப்போதே புரிந்தது. உங்கள் இருவர் விஷயத்தில் அது வேலையை முடிக்காது, கூட்டத்தான் செய்யும். நியூ ஜெர்சி எடிசனில் ஒரு சி.பி.ஏ. (கணக்குத் தணிக்கையாளர்) ஆபீசில் வருஷா வருஷம் பனிக்காலம் முழுக்க மற்றவர்களின் சம்பளச் சீட்டுகளோடு உட்கார்ந்தவள் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஃபெடரல் கணக்கில், அதாவது மத்திய அரசுக்குப் போடும் வரிக் கணக்கில், நீங்கள் ஒரே கூரையின்கீழ் இருக்கிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை. டிசம்பர் 31 அன்று கணவன் மனைவியா என்பதுதான் கேள்வி. ஆம் என்றால் சேர்ந்து போடலாம், இரண்டு மாநிலம் என்பது தடையே இல்லை. 2025-க்கு நிலையான கழிவு (செலவுக் கணக்கு காட்டாமலே வருமானத்தில் கழித்துக்கொள்ளும் தொகை) சேர்ந்து போட்டால் 31,500 டாலர், தனியாகப் போட்டால் ஆளுக்கு 15,750. கூட்டினால் ஒன்றுதானே என்று பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தனியாகப் போட்டால் உன் படிப்புக் கடன் வட்டிக்கு ஒரு டாலர்கூடக் கழிக்க விடமாட்டார்கள். சேர்ந்து போட்டால், இருவர் வருமானமும் கூடி 2 லட்சம் டாலரை எட்டாதவரை, கொஞ்சமாவது கிடைக்கும். ஒருவர் செலவுகளை வரிசையாகக் காட்டிக் கழித்தால், மற்றவரும் அப்படியே செய்ய வேண்டும். நிலையான கழிவை எடுத்துக்கொள்ள முடியாது.

இதெல்லாம் சில்லறை விஷயம். பெரியது வேறு. நீ இருக்கும் மாநிலமும் அவர் இருக்கும் மாநிலமும், கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதிப்பதில் இருவருக்கும் ஆளுக்குப் பாதி என்று சொல்லும் 9 மாநிலங்களில் சேர்ந்தவை. அதனால் தனியாகப் போட்டாலும் நீ உன் சம்பளத்தை மட்டும் எழுத முடியாது. உன்னதில் பாதி, அவருடையதில் பாதி என்று எழுதி, 8958 என்ற படிவத்தையும் இணைக்க வேண்டும். அவரும் அதையே செய்ய வேண்டும். ஆண்டு முழுக்கப் பிரிந்தே இருந்து, ஒருவர் சம்பளத்தில் ஒரு காசுகூட மற்றவருக்குப் போகாத தம்பதிகளுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. உன் வீட்டு வாடகையில் பாதியை மாப்பிள்ளை கட்டுகிறார் என்று நீயே சொன்னாய். அதனால் அந்த வழி உங்களுக்கு இல்லை.

இப்போது மாப்பிள்ளைக்குப் பிடிக்காத பகுதி. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது என்று அவர் நிம்மதியாக இருக்கிறார். ஆனால் அவர் சம்பளத்தில் பாதி சட்டப்படி உன்னுடையது. நீ கலிஃபோர்னியாவாசி. அந்த மாநிலம் தன் குடிகளின் வருமானம் எங்கிருந்து வந்தாலும் வரி கேட்கும். ஆக ஹூஸ்டனில் சம்பாதித்ததில் பாதிக்கு கலிஃபோர்னியா அரசுக்குப் பங்கு உண்டு. (நான் பார்த்து வைத்திருந்த நியூ ஜெர்சிப் பையன் என்றால் இந்தச் சிக்கலே இல்லை, இங்கே அந்தப் பாதிக் கணக்குச் சட்டம் கிடையாது. சரி, விடு.) உன் சம்பளத்தில் அவருக்குச் சேரும் பாதியும் கலிஃபோர்னியாவில் சம்பாதித்தது என்பதால், ஃபெடரலில் சேர்ந்து போட்டுவிட்டு அங்கே மட்டும் நீ தனியாகப் போட முடியாது. வெளிமாநிலத்தவருக்கான 540என்ஆர் படிவத்தில் இருவரும் சேர்ந்தே போட வேண்டும். அதில் முதலில் மொத்த வருமானத்துக்கும் வரியைக் கணக்கிட்டு, பிறகு கலிஃபோர்னியாவுக்கு உரிய பங்கை மட்டும் எடுப்பார்கள்.

இன்னொன்று. மாதாமாதம் அவர் உன்னிடம் வந்து, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து வேலை பார்க்கிறாரே, அந்த நாட்களின் சம்பளமும் கலிஃபோர்னியாவில் சம்பாதித்ததுதான். எத்தனை நாள் என்று இப்போதே குறித்து வையுங்கள், விமான டிக்கெட்டுகளை அழிக்காதீர்கள். லைசென்ஸ் டெக்சாஸில் இருந்தால் போதும், எத்தனை மாதம் வேண்டுமானாலும் டேவிஸில் இருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. வருஷத்தில் 9 மாதத்துக்கு மேல் அங்கே இருந்தால் அவரையும் கலிஃபோர்னியாவாசி என்றே எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்று நிரூபிப்பது அவர் பொறுப்பு.

அவர் கம்பெனி கலிஃபோர்னியாவுக்கென்று சம்பளத்தில் வரி எதையும் பிடித்திருக்காது. ஏப்ரலில் மொத்தமாக வந்து நிற்கும். இந்த வருஷத்துக்காவது உன் ஆபீசில் டிஇ-4 படிவம் கொடுத்து, உன் சம்பளத்தில் கலிஃபோர்னியா வரியைக் கூடுதலாகப் பிடிக்கச் சொல். மாதம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

சேர்ந்து போடுவதில் ஒரு கனமான விஷயமும் உண்டு. கையெழுத்து இருவருடையது என்றால் பொறுப்பும் இருவருடையதுதான். அவர் எழுதாமல் விட்டது எதற்கும் உன்னிடமும் கேட்பார்கள். "எல்லாம் அவர்தான் பார்த்துப்பார், ஆன்ட்டி" என்று என் எதிரில் உட்கார்ந்து சொன்ன பெண்கள் நிறைய. மாப்பிள்ளை தங்கமானவர், அது வேறு. நீ ஒவ்வொரு பக்கமும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். திருச்சி பாங்க்கில் அவருக்கு இருக்கும் என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) டெபாசிட்டைப் பற்றியும் கேள். அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, இங்கே உண்டு. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் கூடி ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை வேறு போட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் தனியாகத்தான் என்றால், 3 வருஷத்துக்குள் அதைச் சேர்ந்ததாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சேர்ந்து போட்டதை ஏப்ரல் 15 தாண்டினால் பிரிக்க முடியாது. அவகாசம் வேண்டுமென்றால் 4868 என்ற படிவம் போட்டு அக்டோபர் 15 வரை தள்ளலாம். படிவத்துக்குத்தான் அவகாசம், பணத்துக்கு இல்லை.

உங்கள் இருவரின் ஆபீசும் தரும் வருஷச் சம்பளச் சீட்டு, டபிள்யூ-2, இரண்டும் வந்ததும் எனக்கு அனுப்பு, இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கடைசியில் தாக்கல் செய்ய உங்கள் பக்கத்திலேயே, இந்தப் பாதிக் கணக்கு பழகின சி.பி.ஏ. ஒருவரைப் பாருங்கள். நான் நியூ ஜெர்சிக் கணக்கில் வளர்ந்தவள். அப்பா கேட்கிறார், மாவடு வந்து சேர்ந்ததா?

அன்புடன்,
அம்மா